பாட்டுப் போடாமலே சுட்ட பெட்டி

சாராள் டீச்சரிடம் எதையாவது கேட்டால் உடனே பதில் வராது. கையில் இருக்கிற வேலையை முடிப்பார். சில சமயம் மறுநாள் சொல்வார். சில சமயம் சொல்லவே மாட்டார். ஏதாவது ஒரு வேலையை எடுத்துக் கொடுப்பார்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய கடை இருந்தது. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், மைக் என்று சத்தம் போடுகிற எதுவும் அங்கே பழுது பார்க்கப்படும். அதற்கு முன்னால் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நிலையத்தை மூடிவிட்டார்கள். டீச்சர் என்ற பெயர் மட்டும் கடைக்குக் கூடவே வந்துவிட்டது.

அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். பெயர் ஐயம்பெருமாள். டீச்சரைவிட வயதில் மூத்தவர். பாதி வாழ்நாள் லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் கால் நொறுங்கி, கிளட்சை மிதிக்க முடியாமல் போனதும் வண்டியை விட்டுவிட்டார்.

ஒருநாள் டேபிள் ஃபேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். ஃபேன் ஓடத் தொடங்கிய பிறகும் அவர் கிளம்பவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து டீச்சரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சிக்கு வேலை படிக்கணுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"வீட்டுல இருக்க முடியலை டீச்சர்."

டீச்சர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு பழைய போர்டையும் சால்ட்ரிங் அயனையும் அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"இதுல இருக்கது எல்லாத்தையும் கழட்டுங்க. பிறகு திரும்ப மாட்டுங்க."

அவரால் ஏன் வீட்டில் இருக்க முடியவில்லை என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். ஐயம்பெருமாளின் ஒரே மகன் கொம்பையா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவன். வேலை போய் ஊருக்குத் திரும்பினான். சில மாதம் வீட்டோடு இருந்தான். பிறகு ஒருநாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். சண்டை இல்லை, கோபம் இல்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம் ஐயம்பெருமாள் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"டீச்சர், ஒரு மனுசன் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்தா, கூட இருக்கவனுக்குத் தெரியாமயா போவும்?"

டீச்சர் ஒரு மைக்கின் வயரைச் சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்தார். பற்றவைத்தார். ஊதினார். அடுத்த மைக்கை எடுத்தார்.

மறுநாள் காலையில் ஜெயசிங் வந்தார். கல்யாணம், சடங்கு வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர். ஆட்டோவிலிருந்து ஒரு கனத்த கறுப்புப் பெட்டியை இறக்கினார். சப்வூஃபர். மேளத்தின் அடியை நெஞ்சில் கொண்டுவந்து மோதுகிற பெட்டி. அதை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயரும் அதன் முதுகிலேயே இருந்தது.

"இது சுடுது டீச்சர்," என்றார் ஜெயசிங். "நல்லா அடிச்சாச் சுடும்னா சரி. பாட்டே போடாம சும்மா வச்சிருந்தாலும் சுடுது. போன வாரம் ஒரு வீட்டுல பின்னால சாய்ஞ்சு நின்ன ஆளுக்கு முழங்கை வெந்துபோச்சு."

"வேற எங்கயும் காட்டினியளா?"

"காட்டினேன். டிரான்சிஸ்டர் போயிட்டுன்னு மாத்திக் குடுத்தாவ. திரும்பவும் போயிட்டு. திரும்பவும் மாத்தினாவ."

"பாட்டு எப்பிடி இருக்கு?"

"பாட்டுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. அருமையாப் பாடும்."

அவர் போனதும் டீச்சர் பெட்டியை ஐயம்பெருமாளின் பக்கம் திருப்பினார்.

"அண்ணாச்சி, இது ஒங்க வேலை."

ஐயம்பெருமாள் முதுகுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே அடை அடையாகத் தூசி. பிரஷ்ஷால் தட்டி எடுத்தார். டிரான்சிஸ்டர்களுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையில் பூசியிருந்த வெள்ளைப் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினார். ஸ்க்ரூக்களை முறுக்கினார். ஸ்பீக்கரைக் கழற்றி அளந்தார். சரியாக இருந்தது. மல்டிமீட்டரை ஸ்பீக்கருக்குச் சத்தம் போகிற வெளிவாயில் வைத்தார். முள் பூச்சியத்தை விட்டு அசையவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு டீச்சர். தூசிதான். பேஸ்ட்டும் காஞ்சிருந்துச்சு."

"கரண்டு குடுங்க. பாட்டுக் குடுக்காண்டாம். சும்மா கிடக்கட்டும்."

கரண்டு கொடுத்தார். பெட்டி சத்தமில்லாமல் கிடந்தது. காதை ஒட்டி வைத்துக் கேட்டார். ஒரு இரைச்சல்கூட இல்லை. பிறகு வேறொரு வேலையை எடுத்துக்கொண்டார். ஒரு மைக்கைப் பிரித்து மாட்டுகிற நேரம் ஆகியிருக்கும். சூடேறிய வார்னிஷ் வாடை வந்தது. தகட்டில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம்வரை பார்த்தார். ஒவ்வொரு பாகமாகத் தொட்டுத் தொட்டு அளந்தார். மறுநாளும் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"கெட்டதுன்னு சொல்ல ஒண்ணுமே இல்லை டீச்சர். உள்ளேயும் ஒண்ணும் போகலை, வெளியேயும் ஒண்ணும் வரலை. இது எதுக்குச் சுடுது?"

டீச்சர் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்தார். மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து முள்ளை நிறுத்தினார். மழை பெய்வதுபோல் ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது. ரேடியோவைக் கையில் பிடித்தபடியே பெட்டியின் முதுகுப் பக்கம் கொண்டுபோனார்.

ரேடியோ அலறியது.

ஐயம்பெருமாள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். டீச்சர் கையை விலக்கினார். அலறல் குறைந்தது. கிட்டே கொண்டுபோனார். மறுபடி அதே அலறல், ஒரே சுருதியில், மூச்சு விடாமல். பெட்டியின் சுவிட்சை அணைத்தார். பழையபடி மழை இரைச்சல் மட்டும்.

"யார் போட்ட சத்தம் அண்ணாச்சி?"

"ரேடியோ."

"ரேடியோவுக்கு அதுவாக் கத்தத் தெரியாது."

ஐயம்பெருமாள் பெட்டியைப் பார்த்தார்.

"இதுதானா?"

"இதுதான். நம்ம காதுக்கு எட்டாத சுருதியில கத்துது. இந்த ஸ்பீக்கருக்கும் அது எட்டாது. ஒங்க மீட்டருக்கும் எட்டாது. நேத்து முழுக்கக் கத்தியிருக்கு, இன்னைக்கும் கத்துது. அதான் சுடுது."

"நான் பக்கத்துலயேதான இருந்தேன்."

"ஆமா."

"காதை வச்சுக் கேட்டேனே டீச்சர்."

ஐயம்பெருமாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையை முழங்கால்களுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டார்.

"எந்திச்சதும் பாயைச் சுருட்டி வைப்பான்," என்றார். "முருங்கைக்குத் தண்ணி ஊத்துவான். பக்கத்து வீட்டுக்காரிக்கு சைக்கிள் செயின் மாட்டிக் குடுப்பான். ஒரு சத்தம் கிடையாது. பய திருந்திட்டான், பொறுப்பு வந்துட்டுன்னு நெனச்சேன் டீச்சர். கடைசி நாள் சாயங்காலம் எங் காலுக்குத் தைலம் தேச்சு விட்டான். நான் போன்ல ஒருத்தன்கிட்ட லாரியை விக்க வெலை பேசிக்கிட்டு இருந்தேன். அவன் மூஞ்சியப் பாக்கலை. சத்தம் போட்டிருந்தாம்னா விட்டிருப்பேனா? ஒரு சத்தம்."

வெளியே மழை வலுத்தது. டீச்சர் கடையின் கதவை ஒரு பாதி சாத்தினார்.

"மைனி எப்பிடி இருக்காவ?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டார்.

"அவளுக்கென்ன. நல்லாத்தான் இருக்கா. ஆட்டுக்குக் குழை வெட்டுதா. சோறு பொங்குதா. பதினாறாம் நாள்வரைக்கும் அழுதா. அதுக்குப் பிறகு ஒரு சத்தம்..."

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டார்.

டீச்சர் ரேடியோவை அணைத்து அலமாரியில் வைத்தார்.

"மழை விட்டதும் கிளம்புங்க," என்றார். "பெட்டி எங்கயும் போயிராது."

சீவலப்பேரி ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் ஐயம்பெருமாளின் வீடு. அவர் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மனைவி பேச்சியம்மாள் வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டிலுக்கு முன் உட்கார்ந்து அகத்திக் குழையை அரிவாளால் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளன வந்துட்டிய," என்றாள்.

"ஆமா."

அவர் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தார். அங்கே அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"கால் வலிக்கா?"

"இல்லை."

அவள் குழையை நறுக்கினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. காதோரம் முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பேச்சி, நீ என்ன நெனச்சுக்கிட்டு இருக்க?"

"என்னத்த நெனைக்க? குழை பத்தாது. நாளைக்கு வேற எங்கயாவது பாக்கணும்."

எப்படிக் கேட்பதென்று அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னைப் பற்றிச் சொன்னார். யாரிடமும் சொல்லாத ஒன்று.

"எனக்கு இந்தக் காலைத் தொட முடியலை பேச்சி. குளிக்கும்போதுகூட சோப்புப் போட மாட்டேன். அவன் தைலம் தேச்சது அப்பிடியே நிக்கு."

அரிவாள் நின்றது. பேச்சியம்மாள் அதைத் தரையில் வைத்தாள். நறுக்கிய குழையைக் கையால் ஒதுக்கினாள். மறுபடி ஒதுக்கினாள்.

"நான் பாத்தேன்," என்றாள்.

"என்னத்த?"

"அவன் அழுததை. இந்தக் கொட்டிலுக்குள்ள. விடியுமுன்னே வந்து, துண்டை வாயில அடைச்சுக்கிட்டு அழுவான். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. என்னய்யான்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மா, அப்பாட்ட மட்டும் சொல்லிராதன்னான். நான் சொல்லலை."

அவள் குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. குழை பத்தாது என்று சொன்ன அதே குரல்.

ஐயம்பெருமாள் எழுந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பஸ் நிற்கிற இடத்துப் பாலத்துச் சுவரில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பியபோது சோறு மூடி வைத்திருந்தது. அவர் தொடவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

டீச்சர் வந்து கடையைத் திறக்கும்போது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனதும் நேராகப் பெட்டியின் முன் உட்கார்ந்து போர்டை வெளியே எடுத்தார். வெளிவாயின் பக்கத்தில், அந்தக் கத்தலை அடக்குவதற்கென்று வைத்திருந்த சின்ன கண்டன்சர் ஒன்றைக் காட்டினார் டீச்சர். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது அதில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. ஐயம்பெருமாள் அயனைச் சூடாக்கி அதைக் கழற்றத் தொடங்கினார்.

"அவ பாத்திருக்கா டீச்சர்."

"எதை?"

"அவன் அழுததை. மாசக்கணக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா எம் புள்ளை இன்னைக்கு இருப்பான்."

"நேத்து சொன்னாவளா?"

"நேத்து சொன்னா."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லலை. வாயைத் தொறந்தா என்ன வருமோன்னு இருந்துச்சு. எந்திச்சுப் போயிட்டேன்."

"காலையில?"

"அப்பிடியே வந்துட்டேன்."

டீச்சர் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். அயனின் சின்ன விளக்கு அணைந்தது.

"அவுக இப்ப வீட்டுல தனியாவா இருக்காவ, அண்ணாச்சி?"

ஐயம்பெருமாள் அவரைப் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்தது. எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. செருப்பைக்கூடப் போடாமல் சந்தில் இறங்கினார்.

ஆட்டோவில் போகும்போது போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பாதையில் தண்ணீர் தேங்கி ஆட்டோ மெதுவாகப் போனது. போங்க தம்பி, போங்க தம்பி என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே போன் மட்டும் இருந்தது. அடுப்புப் பற்றவைத்திருக்கவில்லை. பின்னால் ஆடுகள் பசியில் கத்தின. முந்தின நாள் நறுக்கிய குழை போட்ட இடத்திலேயே வாடிக் கிடந்தது.

"பேச்சி," என்றார். பதில் இல்லை.

அவள் கொட்டிலுக்குள் இருந்தாள். சுவரோடு ஒண்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. உடம்பு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஐயம்பெருமாளுக்குக் காலை மடக்கி உட்கார வராது. சுவரைப் பிடித்துச் சறுக்கி, புழுக்கையும் ஈரமுமாகக் கிடந்த தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவள் வாயிலிருந்து துணியை மெதுவாக இழுத்தார்.

"எங்கிட்ட சொன்னா ஏசுவேன்னுதான அவன் பயந்தான்?"

அவள் அவரைப் பார்த்தாள்.

"சொல்லு பேச்சி."

"ஆமா."

"நீயும் அதுக்குத்தான சொல்லலை?"

"ஆமா."

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"ஏசித்தான் இருப்பேன்," என்றார். "ஆம்பளைப் பய அழுவியாலேன்னு கேட்டிருப்பேன். நீ சொல்லியிருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

பேச்சியம்மாள் அழுதாள். முதலில் தொண்டையில் ஒரு சின்ன ஒலிதான் வந்தது. பிறகு அது மகனின் பெயராகி, கேவலாகி, தெருவே திரும்பிப் பார்க்கிற ஓலமானது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கொட்டிலின் வாசலில் நின்றார்கள். ஐயம்பெருமாள் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் கடைக்கு வரவில்லை. அவர் பாதியில் விட்டுப்போன வேலையை டீச்சரே முடித்து ஜெயசிங்கிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் வந்தார். மெலிந்திருந்தார். தன் இடத்தில் உட்கார்ந்தார். டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்து மைக் ஸ்டாண்டை அவரிடம் கொடுத்தார். அவர் அதன் வயரை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் டீச்சர். மனசுக்குப் பாக்குற டாக்டர்ட்ட. மருந்து குடுத்திருக்காவ. மாசா மாசம் வரச் சொல்லியிருக்காவ."

"ம்."

"என்னையும் வரச் சொன்னாவ."

"போங்க."

"போறேன்." வயரைச் சுருட்டினார். "ஆனா அழுகை நிக்க மாட்டேங்குது. அரிசி களையும்போது அழுதா. ஆட்டை அவுக்கும்போது அழுதா. பாதிச் சோத்துல எந்திச்சு அழுதா. ஒரு வருசத்துக்குப் பிறகு இப்ப எதுக்கு ஒப்பாரின்னு தெருவுல எல்லாரும் பேசுதாவ. போதும் நிறுத்துன்னு நீ சொல்லக் கூடாதான்னு அவ தம்பியே எங்கிட்ட வந்து கேக்கான். எனக்கும் அதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்க முடியலை."

டீச்சர் ஒரு ஸ்பீக்கரின் கிழிந்த காகிதத்தைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். விரலால் நீவினார். ஓரம் எங்கும் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார்.

"நான் நிறுத்தச் சொல்லட்டுமா டீச்சர்?"

டீச்சர் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தார். பசைக் கையைத் துணியில் துடைத்தார்.

"சத்தம் வெளிய கேக்குல்லா, அண்ணாச்சி?"

"தெரு முழுக்கக் கேக்கு."

"கேக்கட்டும்."